ஏழு மாதக் குட்டியும் ஈரல் தடமும்

கேள்வி, அக்டோபர் 3

அடிபட்டு ஓடிய மானைத் தேடுவதற்காக ஒரு டாஷ்ஹண்ட் குட்டியைப் பழக்கி வருகிறேன். ஏழு மாதம் ஆகிறது. ஈரல் துண்டைக் கயிற்றில் கட்டி நானே தரையில் இழுத்து வைத்த தடத்தில் 300 மீட்டர் வரை பிசகாமல் போகிறது. என் மனைவி அதேபோல் இழுத்து வைத்தால் 40 மீட்டரிலேயே நின்று என்னைத் திரும்பிப் பார்க்கிறது. ஈரல் ஒன்றுதான், புல்வெளி ஒன்றுதான், வேளையும் ஏறக்குறைய ஒன்றுதான். குட்டிக்கு மூக்கு மந்தம் என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். வேறு குட்டி பார்க்கலாமா? இன்னொன்று, தடத்தில் நாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு போகும் நீளக் கயிறு எத்தனை மீட்டர் வாங்க வேண்டும்?

அக்டோபர் 4, காலை

குட்டியை மாற்ற வேண்டாம். இப்படிச் செய்து பாருங்கள். ஈரலே இல்லாமல் வெறுமனே 150 மீட்டர் நடங்கள். நடுவில் இரண்டு திருப்பம் வையுங்கள். முடிவில் மான் தோலைப் போட்டுவிட்டு, வந்த வழியே திரும்பாமல் தூரமாகச் சுற்றி வாருங்கள். ஒரு மணி நேரம் கழித்துக் குட்டியை விடுங்கள். நேராகப் போய்த் தோலைக் கவ்வினால் மூக்கு நன்றாகவே இருக்கிறது என்று அர்த்தம். அது ஈரலைத் தேடவில்லை, உங்கள் பூட்ஸைத்தான் தேடிக்கொண்டிருக்கிறது.

கயிற்றைப் பற்றிப் பிறகு.

அக்டோபர் 4, இரவு

காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் எழுதியது. இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறேன் என்றால், இதே பள்ளத்தில் நானும் விழுந்திருக்கிறேன்.

என் நாயின் பெயர் செவலை. பவேரிய மலை மோப்பநாய் இனம், பெட்டை. ஒன்றரை வயதுக்குள் நான் போட்ட நாற்பதுக்கும் மேற்பட்ட தடங்களில் ஒன்றைக்கூட அவள் தவறவிட்டதில்லை. நான் தலைகால் புரியாமல் திரிந்தேன். ஒருநாள் அனுபவசாலி ஒருவர், "நான் ஒரு தடம் போடுகிறேன், உங்களிடம் எங்கே என்று சொல்ல மாட்டேன்" என்றார். செவலை அறுபது மீட்டர் போனாள். திருப்பம் வந்தது. மூக்கைத் தூக்கினாள், திரும்பினாள், என் முகத்தைப் பார்த்தாள். வாலைக்கூட ஆட்டவில்லை. "எங்கே என்று சொல்லித் தொலையேன்" என்கிற பார்வை அது. அந்தப் பெரியவர் சிரிக்கவும் இல்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை. அதுதான் பொறுக்க முடியாமல் இருந்தது.

நாற்பது தடத்திலும் அவள் படித்தது என்னைத்தான். எந்த இடத்தில் திருப்பம் என்று எனக்குத் தெரியும். தெரிந்த மனிதனின் தோள் திருப்பத்துக்கு இரண்டடி முன்பே அந்தப் பக்கம் சாய்கிறது, கயிறு பிடித்த கை இறுகுகிறது, நடை தளர்கிறது. நாய்க்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

அக்டோபர் 7

"நாய் அப்படியெல்லாம் மனிதனைப் படிக்குமா, கதை விடாதீர்கள்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நாய் கிடக்கட்டும், குதிரையே படித்திருக்கிறது. பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போட்டது. கேள்வி கேட்டால் விடை வரும்வரை குளம்பால் தட்டும். 1907இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் அதன் சூட்சுமத்தை எழுதினார். சரியான எண் நெருங்கியதும் கேட்டவரின் தலையும் உடலும் தம்மையறியாமல் அசைகின்றன, குதிரை அதைப் பார்த்து நிறுத்துகிறது. கேட்டவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியாது. ஏமாற்று எதுவும் இல்லை. குதிரையின் சொந்தக்காரர் கடைசிவரை அதன் அறிவை நம்பினார்.

மோப்பநாய்களிடமே சோதித்தும் இருக்கிறார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்தவர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு அது. போதைப்பொருள், வெடிமருந்து தேடும் நாய்கள், அவற்றை நடத்துபவர்கள் என்று 18 இணைகள். கட்டடத்தில் எந்தப் பொருளையும் ஒளித்து வைக்கவில்லை. சில இடங்களில் சிவப்புக் காகிதம் மட்டும் ஒட்டிவிட்டு, காகிதம் இருக்கும் இடத்தில் பொருள் இருக்கலாம் என்று நடத்துபவர்களிடம் சொன்னார்கள். மொத்தம் 144 தேடல்கள். "நாய் எதையும் காட்டவில்லை" என்று சரியாக முடிந்தவை 21 மட்டுமே. காகிதத்தை நம்பியவர் மனிதர், நாய் காட்டியதாகச் சொன்னவரும் அவரே.

அக்டோபர் 9

சோதனை முடிவு வந்திருக்கிறது. ஈரல் இல்லாத 150 மீட்டரில், இரண்டு திருப்பங்களோடு, குட்டி குண்டூசி முனையில் நடப்பதுபோல் நடந்து தோலைப் பிடித்துவிட்டதாம். நல்ல செய்திதான். உங்கள் பூட்ஸ் என்றைக்காவது அடிபட்டுக் காட்டுக்குள் ஓடிவிட்டால் கவலையே இல்லை.

இனி செய்ய வேண்டியது. ஈரலையும் அதை இழுத்த கயிற்றையும் மூட்டை கட்டி வையுங்கள். வேட்டைக்காரர்களிடம் சொல்லிவைத்து ஒரே மானின் கால்கள் இரண்டு வாங்குங்கள். பூட்ஸின் அடியில் அந்தக் குளம்புகளைப் பொருத்திக்கொண்டு நடப்பதற்கென்றே செருப்புபோன்ற கட்டைகள் விற்கிறார்கள். கையால் செய்துகொண்டவர்களும் உண்டு. இரண்டு குளம்புப் பிளவுகளுக்கு நடுவே மானுக்குச் சுரப்பி இருக்கிறது. ஒவ்வோர் அடியிலும் அது மண்ணில் வாசனையை வைத்துவிட்டுப் போகிறது. நீங்கள் நடக்கும்போது உங்கள் வாசனையும் விழத்தான் செய்யும், அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் இன்று உங்கள் மனைவி, அடுத்த வாரம் நண்பர், அதற்கடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆள் மாறிக்கொண்டே இருந்தால், மாறாமல் இருப்பது குளம்பு ஒன்றுதான் என்று குட்டி தானே கண்டுபிடித்துக்கொள்ளும்.

ஒரே காலைப் பத்து முறை உபயோகிக்காதீர்கள். உறைபெட்டியில் வைத்து எடுத்தாலும் இரண்டு மூன்று தடவைக்கு மேல் அது குளம்பாக இருக்காது, அழுகலாகிவிடும். வீட்டில் மற்றவர்களும் உறைபெட்டியைத் திறப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். நான் நினைவில் வைக்கவில்லை. அதைப் பற்றி வீட்டில் இன்றும் பேச்சு எழும்.

அக்டோபர் 10

முந்தைய குறிப்பில் ரத்தத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்று கேட்கிறார்கள். வேண்டுமென்றேதான் விட்டேன். புதிதாக ஆரம்பிப்பவர்கள் நூறு மீட்டருக்கு ஒரு புட்டி ஊற்றுகிறார்கள். அப்படி ஊற்றினால் எனக்கே மோப்பம் தெரியும்.

ஜெர்மனியில் இதற்கென்றே தேர்வு இருக்கிறது. தடத்தின் நீளம் குறைந்தது 1000 மீட்டர். அந்த முழு நீளத்துக்கும் தெளிக்க அனுமதிக்கும் ரத்தம் கால் லிட்டர். தடம் குறைந்தது 20 மணி நேரம் பழையதாக இருக்க வேண்டும், கடினமான பிரிவில் 40 மணி நேரம். கால் லிட்டரை 1000 மீட்டருக்குப் பங்கிட்டுப் பாருங்கள், மீட்டருக்கு எத்தனை சொட்டு வருகிறதென்று.

அவர்கள் வேட்டைப் பேச்சில் அடிபட்ட மிருகத்தின் ரத்தத்துக்கு வழங்கும் சொல்லுக்கு நேர்ப் பொருள் வியர்வை. செவலையின் இனம்போன்ற மோப்பநாய் இனங்களின் பெயரிலும் அந்தச் சொல்தான் இருக்கிறது. ஆக அவை வியர்வை நாய்கள். எனக்கு அந்தப் பெயர்தான் பொருத்தமாகப் படுகிறது. ஏன் என்று இன்னொரு நாள்.

அக்டோபர் 15

இன்னொரு நாள் வந்துவிட்டது, ஏனென்றால் "ரத்தம் நின்றுபோனால் நாய் என்ன செய்யும்?" என்று கேள்வி வந்திருக்கிறது.

நாய் போய்க்கொண்டே இருக்கும். ரத்தம் மனிதக் கண்ணுக்கான அடையாளம். செவலை தேடிக் கண்டுபிடித்தவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றில், முதல் நூறு மீட்டருக்குப் பிறகு நான் ஒரு சொட்டு ரத்தம்கூடப் பார்க்கவில்லை. கொழுப்பு வந்து காயத்தை அடைத்துவிடும், அல்லது ரத்தம் உள்ளேயே தேங்கிவிடும். நாய் தொடர்வது ரத்தத்தை மட்டும் அல்ல, குளம்பு கிளறிய மண், நசுங்கிய புல், குளம்பிடைச் சுரப்பி, அடிபட்ட உடலிலிருந்து வருவது எதுவோ, எல்லாம் சேர்ந்த ஒரு கலவையை. ரத்தத்தை மட்டும் ஊற்றிப் பழக்கிய நாய் ரத்தம் நின்ற இடத்தில் நிற்கும். நீங்கள் அதற்குச் சொல்லிக்கொடுத்ததே அவ்வளவுதான்.

தடத்தின் வயதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போட்டவுடனே விடாதீர்கள். புதுத் தடத்தில் வாசனை காற்றிலேயே மிதக்கும், குட்டி தலையைத் தூக்கிக்கொண்டு ஓடப் பழகிவிடும். இரண்டு மணி நேரத்தில் ஆரம்பித்து, நான்கு, எட்டு, பிறகு ஓர் இரவு. தடம் பழையதாக ஆக நாய் நிதானமாகிறது, மூக்கு தரையோடு ஒட்டுகிறது. ஈரமான தரையும் அசையாத காற்றும் இருந்தால் வேலை சுலபம். காய்ந்த மண், வெயில், அடிக்கும் காற்று மூன்றும் சேர்ந்தால் நல்ல நாயும் திணறும். பக்கக்காற்று இருந்தால் நாய் தடத்தின் மேலேயே போகாமல் சில மீட்டர் தள்ளி இணையாகப் போகும். அது பிழை அல்ல, வாசனை நகர்ந்திருக்கிறது. கயிற்றைப் பிடித்து "சரியான" கோட்டுக்கு இழுத்துவிடாதீர்கள்.

அக்டோபர் 16

தினமும் பயிற்சி கொடுக்கலாமா என்று கேட்டவருக்கு: வாரத்துக்கு ஒன்று போதும். தினமும் செய்தால் நாய்க்கு அலுக்கும், உங்களுக்கு அகம்பாவம் வரும்.

அக்டோபர் 24

நேற்று ஓர் அழைப்புக்குப் போய் வந்தேன். சூடு சூடாக எழுதிவிடுகிறேன்.

சுட்டவர் இளைஞர். மாலை ஐந்தரைக்குச் சுட்டிருக்கிறார், மான் முதுகை வளைத்துக்கொண்டு குனிந்த நடையாகப் போயிருக்கிறது. அவர் உடனே பின்னால் போகாமல் என்னை அழைத்தார். எனக்கு அதுவே பாதி நிம்மதி. குண்டு படும்போது மான் நின்ற இடத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்தேன். மேலிருந்து அடித்தால் இலையின் பளபளப்புதான் தெரியும், பக்கவாட்டில் பிடித்தால்தான் முடி தெரியும். ஒரு சருகின் மடிப்பில் கடுகளவு ஒரு துளி, பழுப்பாக, ஓரத்தில் பச்சை படிந்து. முகர்ந்து பார்த்தேன். குடல்.

நுரையீரலில் பட்டிருந்தால் ரத்தம் வெளிர்ச் சிவப்பாக, குமிழி குமிழியாக நுரைத்திருக்கும். அரைமணி பொறுத்துப் போனாலே பெரும்பாலும் அருகில் விழுந்து கிடக்கும். ஈரலில் பட்டால் கருஞ்சிவப்பு, குறைந்தது நான்கு மணி நேரம் விட வேண்டும். குடல் என்றால் எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம். குடலில் அடிபட்ட மான் கொஞ்ச தூரத்தில் படுத்துவிடும். தொந்தரவு செய்யாவிட்டால் அங்கேயே முடிந்துவிடும். எழுப்பிவிட்டால் கிலோமீட்டர் கணக்கில் போகும், அதற்குப் பிறகு எந்த நாயும் உத்தரவாதம் தராது. இளைஞருக்கு இரவே தேட வேண்டும் என்று துடிப்பு. மான் வலியில் கிடக்குமே என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் கிடையாது. எழுப்பிவிட்டால் அந்த வலி இன்னும் நீளும் என்று மட்டும் சொன்னேன்.

காலை ஆறு மணிக்குச் செவலையை விட்டேன். 420 மீட்டர். இடையில் மான் படுத்து எழுந்த இடம் ஒன்று. புல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். அங்கே அவள் ஒரு நிமிடம் நின்று முகர்ந்தாள், பிறகு இடப்பக்கமாகக் கீழே இறங்கினாள். ஓடைக்கரையில் கிடந்தது.

சின்ன உபாயம் ஒன்று. ரத்தமா, இலைக்கறையா என்று சந்தேகம் வந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டு சொட்டு விடுங்கள். உடனே வெள்ளையாகப் பொங்கினால் பெரும்பாலும் ரத்தம். ஆனால் நாய் கடந்துபோன பிறகு விடுங்கள். நாய் முகர வேண்டிய இடத்தில் மருந்தை ஊற்றிவிட்டு அது ஏன் தும்முகிறது என்று யோசித்தவன் நான்.

நவம்பர் 2

பாராட்டைப் பற்றி என் கருத்து மாறியிருக்கிறது. முன்பெல்லாம் சரியான தடத்தில் போகும்போது "நல்ல பிள்ளை, நல்ல பிள்ளை" என்று பின்னாலிருந்து ஓதிக்கொண்டே போவேன். பலன் என்னவென்றால், என் குரல் நின்றால் அவளும் நின்றாள். இப்போது வாயைத் திறப்பது முடிவில்தான். தோலை அவளிடம் கொடுத்துவிட்டுப் பத்து நிமிடம் உட்கார்ந்துவிடுகிறேன், அவள் கடித்து இழுத்து வேண்டியதைச் செய்துகொள்ளட்டும்.

தடத்தில் இருக்கும்போது மூக்கிலிருந்து வரும் சத்தம் வேறு, சின்னச் சின்னதாக, அடுக்கடுக்காக. தடம் போய்விட்டால் அந்தச் சத்தம் முதலில் நிற்கிறது, அதற்குப் பிறகுதான் வால் உயர்கிறது. நான் இதைக் கவனிக்க இரண்டு வருடம் ஆயிற்று, காரணம் நான் பேசிக்கொண்டே இருந்தேன். தவறிப் போனால் திட்டாதீர்கள், பின்னால் இழுக்காதீர்கள். மரம்போல நின்றுவிடுங்கள். அதுவே வட்டமடித்துத் தடத்தை மீட்டுக்கொள்ளும்.

நவம்பர் 3

மேலே எழுதியதில் ஓட்டை இருக்கிறது என்று ஒருவர் குட்டியிருக்கிறார், சரியான குட்டு. தவறும்போதெல்லாம் நான் மரம்போல நின்றால், "நின்றான் என்றால் தப்பு" என்று நாய் படித்துக்கொள்ளாதா? படித்துக்கொள்ளும். ஆரம்பத்தில் வேறு வழியில்லை, ஆனால் அதிலேயே நின்றுவிடக் கூடாது. தடம் உங்களுக்கே தெரியாமல் இருந்தால்தான் நிற்பதா நடப்பதா என்று உங்களுக்கும் தெரியாது.

தடம் போடுபவரிடம், வழியைக் குறிக்கும் அடையாள ரிப்பன்களை மரத்தின் பின்பக்கம் கட்டச் சொல்லுங்கள். போகும்போது கண்ணில் படாது, கடந்த பிறகு திரும்பிப் பார்த்தால் தெரியும், சரியாகத்தான் வந்திருக்கிறோம் என்று. கட்டுபவர் கையுறை போடட்டும். சில நாய்கள் ரிப்பனையே தேடப் பழகிவிடுகின்றன.

நவம்பர் 11

இதை எழுத வேண்டாம் என்றிருந்தேன். ஆனால் "அனுபவமுள்ள கண் நாயைத் திருத்தலாம்" என்று ஒருவர் எழுதியதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

செவலைக்கு அப்போது நான்கு வயது, எனக்குக் கொஞ்சம் பெயர் வந்திருந்த நேரம். சுட்டவர் வயதானவர், முப்பது வருட வேட்டைக்காரர். மான் ஓடைப்பக்கம் இறங்கியதைக் கண்ணால் கண்டேன் என்றார். ஓடைப்பக்கம் இரண்டு துளி ரத்தமும் இருந்தது. செவலை அந்தத் துளிகளை முகர்ந்தாள், இருபது மீட்டர் போனாள், திரும்பி வந்து மேட்டுப்பக்கம் இழுத்தாள். அடிபட்ட மான் மேடேறாது என்றார் அவர். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அவளைத் திரும்பக் கொண்டுவந்து ஓடைப்பக்கம் விட்டேன். மறுபடி மேடு. மறுபடி கொண்டுவந்தேன். மூன்றாவது முறை அவள் இழுக்கவில்லை. கயிறு தளர்ந்து தொங்க, நான் போன பக்கமெல்லாம் மரியாதையாகப் பக்கத்தில் நடந்து வந்தாள். இரண்டு மணி நேரம் ஓடைக்கரை முழுக்கத் தேடினோம். தேடினோம் என்ன, நான் தேடினேன். அவள் துணைக்கு வந்தாள்.

மூன்று நாள் கழித்துக் காக்கைகள் காட்டிக்கொடுத்தன. மேட்டில், அவள் முதன்முதலில் இழுத்த திசையில், 150 மீட்டரில் கிடந்தது. மான் ஓடைக்கு இறங்கிப் பிறகு தன் தடத்திலேயே திரும்பி மேடேறியிருக்கிறது. இறைச்சி எதற்கும் ஆகவில்லை. வயதானவர் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் அவருக்குச் சொல்லவில்லை. அடுத்த இரண்டு தடங்களில் திருப்பம் வந்தபோதெல்லாம் செவலை நின்று என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றரை வயதில் பார்த்த அதே பார்வை. மூன்று வருட வேலையை ஒரு காலையில் அழித்திருந்தேன்.

நவம்பர் 12

நேற்றைய குறிப்பைப் படித்து "ஆக, நாய் எப்போதும் சரி" என்று சிலர் ஆரம்பித்துவிட்டார்கள். இல்லை. அடிபடாத மான் ஒன்று தடத்துக்குக் குறுக்கே போயிருந்தால் செவலையும் அதன் பின்னால் போயிருக்கிறாள், அதுவும் வால் சுழலச் சுழல. அந்த உற்சாகமே சந்தேகத்துக்கு இடம். அடிபட்ட தடத்தில் அவள் இவ்வளவு குதூகலப்படுவதில்லை. சந்தேகம் வந்தால் கடைசியாக ரத்தத்தை உறுதியாகப் பார்த்த இடத்துக்குத் திரும்பி, ஐந்து நிமிடம் படுக்க வைத்து, மறுபடி தொடங்குங்கள். அதனால்தான் பார்த்த ஒவ்வொரு துளியையும் குறித்துக்கொண்டே போகச் சொல்வது. திரும்பத் தொடங்கியும் அதே பக்கம் இழுத்தால், நீங்கள் என்ன நினைத்தாலும் சரி, பின்னால் போங்கள்.

சில இடங்களில் நாய் வைத்துத் தேடுவதற்குத் தனி உரிமம் வேண்டும், சில இடங்களில் கயிறு இல்லாமல் விடக் கூடாது, அடுத்தவர் நிலத்தில் கால் வைக்க அனுமதி வேண்டும். சட்டத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் 21

குட்டிக்காரரிடமிருந்து தகவல். மனைவி குளம்பு கட்டி நடந்த 200 மீட்டர், ஒரு திருப்பம், ஓர் இரவு பழையது. எந்தப் பக்கம் திருப்பம் என்று இவருக்குத் தெரியாது. குட்டி திருப்பத்தைத் தாண்டிப் பத்து மீட்டர் போய்விட்டது, நின்றது, இரண்டு முறை வட்டமடித்தது, பிடித்துக்கொண்டு போய்விட்டது. இவரைத் திரும்பிப் பார்க்கவே இல்லையாம். அதில் கொஞ்சம் வருத்தம் தொனிக்க எழுதியிருக்கிறார்.

அடுத்த வாரம் நீளத்தைக் கூட்டாதீர்கள். அதே 200, வேறு ஆள், வேறு தரை. மனைவியிடம் திருப்பத்தை முன்கூட்டிக் கேட்காதீர்கள். அவர் முகத்தைப் பார்த்தும் ஊகிக்காதீர்கள்.

நவம்பர் 22

கயிறு: 10 மீட்டர். அழுத்தமான ஆரஞ்சு நிறம், தண்ணீர் குடிக்காத பொருள், முனையில் கைப்பிடி வளையம் இல்லாதது. வளையம் இருந்தால் புதரில் மாட்டும்.